திட்டில் கேட்ட பதில்

அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியை மெர்சிலின் சொல்லி முடிப்பதற்குள், பின்னாலிருந்து பின்பாதி வந்துவிட்டது.

ஜெனிஸுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்குப் பசி வந்தால் செபமும் ஓட்டமாகத்தான் போகும். ஜமுனாமரத்தூர் தாண்டி இருக்கும் இந்த ஏரிக்குள் ஒரு திட்டு, அதற்குப் போக ஒரு மண்பாதை, திட்டைச் சுற்றி மேடு பள்ளம் இல்லாத ஒரு நடைபாதை. 'குடும்பத்தோடு நடக்க ஏற்றது' என்று கரையில் பலகை வைத்திருந்தார்கள். கணவன் டோமினிக் முட்டிவலி என்று கரையிலேயே உட்கார்ந்துவிட, அம்மாவும் பெண்ணும் மட்டும் கிளம்பினார்கள். பலகை எழுதியவர் மார்கழிச் சாயங்காலத்தில் இங்கே வந்திருக்க மாட்டார். திட்டைப் பாதி சுற்றுவதற்குள் பனி இறங்கி, ஏரியும் கரையும் காணாமல் போயின.

இரண்டு பக்கமும் கோரை நெருக்கியதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. அதனால்தான் செபமாலையைக் கையில் எடுத்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்து அவள் ஊரார் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது செய்வதுதான். முன்னால் போகிறவர் பாதி சொல்வார், பின்னால் வருகிறவர்கள் மீதியைச் சொல்வார்கள். பதில் வந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். பத்து மணிகள் உருண்டு முடியும்வரை முன்னால் போகிறவர் செபத்தை விட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் சொன்னாள். பதில் வந்தது. ஈரக் கோரை காலில் உரசும் சத்தம், எங்கோ ஒரு நீர்க்கோழி தண்ணீரை அடித்துக்கொண்டு எழும் சத்தம், சேற்றிலிருந்து கிளம்பும் அழுகல் வாடை, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சின்னக் குரல் தடங்கலே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதுதான் உறுத்தியது. ஜெனிஸ் இரண்டடிக்கு ஒரு கேள்வி கேட்பவள். இவ்வளவு நேரமாக ஒன்றுமே கேட்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குரல் மட்டும்தான் வருகிறது. காலடிச் சத்தம் இல்லை.

பத்து முடியவில்லை. திரும்பினாள்.

பனி மட்டும்.

"ஜெனிஸ்!"

"இங்கதாம்மா கீறேன்."

குரல் இப்போது அவள் போய்க்கொண்டிருந்த திசையில், முன்னால் கேட்டது. கரைப்பக்கம். எப்போது தாண்டிப் போனாள்? கோரைக்குள் புகுந்து போனாளா? மெர்சிலின் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு ஓடினாள். வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

மண்பாதை முடிந்தது. கரை. பைக் பக்கத்தில் டோமினிக். அவன் தோளில் ஜெனிஸ்.

"இன்னா மெர்சி, புள்ளய தனியா ஓடியார வுட்டுட்டு அங்க இன்னா பண்ற?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாதாவே, மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கிட்டே போய்ப் பிள்ளையின் முதுகைத் தடவினாள். கவுன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏங்க, இவ தண்ணியில வுழுந்தாளா?"

"பனியில நனைஞ்சிகீதுன்னு நெனச்சேன். வந்ததுலேர்ந்து மூஞ்சியே காட்ட மாட்டேங்குது."

அப்போது திட்டிலிருந்து அழுகை கேட்டது. தேம்பித் தேம்பி.

"அம்மா... எங்கம்மா போன? செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சும்மா. நில்லு நில்லுன்னு கத்தனனே..."

மெர்சிலின் டோமினிக்கைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது.

அவன் தோளில் கிடந்தது, முகத்தைத் திருப்பாமலே சொன்னது.

"பதில் சொல்லாதம்மா."

அவள் மண்பாதையில் ஒரு காலை வைத்தாள். டோமினிக் இரண்டு கைகளையும் விட்டான். பிள்ளை கீழே விழவில்லை. அவன் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் மெல்ல இறுகிக்கொண்டு வந்தன.