தொண்ணூறு ஊசியும் நான்கு நாளும்

பல் துலக்கியதும் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி ஊசி போட்டுக்கொண்டாள் தாட்சாயணி. நிலவின் துறைமுகக் குடியிருப்பில் மூளை அடிபட்டவர்கள் தினமும் செய்வதுதான். ஊசிக்குள் 'மீள்தழை' என்ற பெப்டைடு இருந்தது. அறுந்துபோன நரம்புகளை அது கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்க்க வைக்கும்.

அவள் கிரேன் ஓட்டுநர். சரக்குப் பெட்டி ஒன்று தலையில் மோதியதில் கணவன் பூவரசனின் பெயரே மறந்துபோயிருந்தது. மறுபடி கிரேனில் ஏற 'கவனச் சான்று' வேண்டும்.

"ஆபீஸ்ல உக்கார்ற வேலைதான் தர்றாங்களே, எதுக்கு இந்த வீம்பு?" என்றான் பூவரசன், கண்ணுக்குள் ஓடிய திரையை விட்டு மீளாமலே. அங்கே எல்லோருக்கும் கண்ணுக்குள் ஒரு திரை உண்டு. இமைத்தால் அடுத்த படம் வரும். அவளுடையதை மட்டும் சிகிச்சைக்காக அணைத்து வைத்திருந்தார்கள்.

"வீம்புதான். ஏறியே தீருவேன்," என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கிரேன் கையேட்டை உரக்கப் படிப்பாள். மனம் நழுவினால் மறுபடி முதல் பக்கம். நாற்பதாம் நாள் பன்னிரண்டாம் பக்கத்தில் உடைந்து அழுதாள். மறுநாளும் ஊசியைத் தவறவிடவில்லை.

தொண்ணூறாவது ஊசிக்குப் பின் சோதனை வந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதையே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். டாக்டர் இமானுவேல்தான் பொறுக்காமல், கவனத்தை அளந்த கருவியை நிறுத்தினார்.

"தேறலைம்மா."

"என்ன டாக்டர் சொல்றீங்க?"

"நல்லா இருக்கிறவங்களுக்குக் கவனம் ஒன்பது செகண்ட்தான் நிக்கும். அதுக்குக் குறைஞ்சாலும் நோய், கூடினாலும் நோய். விதி அப்படி."

ஒன்பது நொடிக் கவனத்தில் கிரேன் எப்படி ஓடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். அவள் தலையில் பெட்டி மோதியதே அப்படித்தான்.

தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, குறைக்க மருந்து குடுங்க."

"ஊசியெல்லாம் வேணாம். திரையை முடுக்கி விடறேன். மூணு வேளையும் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் பாருங்க. அளவுக்கு வந்ததும் சான்று திரையிலயே வரும். 'ஏத்துக்கிறேன்'னு வாய்விட்டுச் சொன்னா, மறுநாளே கிரேன்ல ஏறலாம்."

"நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன் டாக்டர்," என்றான் பூவரசன் உற்சாகமாக.

தொண்ணூறு ஊசியைத் தாங்கியவளுக்கு இது எம்மாத்திரம்? முதல் நாள் தலைவலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் நாள் வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் மணி அடித்தும் நிறுத்தவில்லை. நான்காம் நாள் சோறு ஆறிப்போனது.

அன்று மதியம் அவள் கண்ணெதிரே பொன்னெழுத்துகள் ஒளிர்ந்தன: 'தாட்சாயணி, கிரேன் ஓட்டத் தகுதி பெற்றவர். ஏற்கிறீர்களா?'

அவள் இமைத்தாள்.

அடுத்த படத்தில் ஒரு பூனை வாளிக்குள் குளித்துக்கொண்டிருந்தது.