பதினோராம் தொட்டிலின் பதில்

அன்று மதியம் பிரசவ வார்டுக்குள் நுழையும்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து பதினாறு குழந்தைகளின் காதுகளைச் சோதித்திருந்தேன். மண்டியாவில் பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு.

காதில் சின்ன முனையைச் செருகினால் கருவி ஒலி அனுப்பும். நல்ல காது சும்மா கேட்டுக்கொண்டு இருக்காது. உள்ளிருந்து மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். நத்தைக்கூடு மாதிரி உள்ளே ஒரு சுருள். கட்டை சுருதிக்கு அதில் ஓரிடம், உச்ச சுருதிக்கு வேறிடம். எந்த இடம் பதில் சொல்கிறதோ, அந்தச் சுருதிக்குத் திரையில் ஒரு டிக் விழும். குழந்தை மூச்சுவிட்டாலே கட்டை சுருதியில் இரைச்சல் கலந்துவிடும். அழுதால் தொலைந்தது.

கடைசியாக, ஜன்னலோரம் பதினோராம் தொட்டில். துணி சுற்றிய குழந்தை அசையாமல் தூங்கியது. பக்கத்துக் கட்டிலில் அதன் தாய் மாதேவி சுவரைப் பார்த்துப் படுத்து, ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தாள். தாலாட்டு என்று நினைத்தேன்.

குழந்தையின் காது சில்லென்றிருந்தது. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன். களைப்பு அப்படி.

ஒரு காதுக்கு எட்டே நொடி. எல்லா டிக்கும் விழுந்தன. துளி இரைச்சல் இல்லை. என் தங்கமே என்று மனசுக்குள் கொஞ்சினேன்.

முடிவுச் சீட்டு அச்சாகும்போது நர்ஸ் புட்டலட்சுமி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?" என்று கிசுகிசுத்தாள். "அது காலையிலயே போயிருச்சு. புருஷன் வண்டி கொண்டாரப் போயிருக்கான். அப்ப இருந்து இவ நிறுத்தாம முனகுறா."

"கருவி கெட்டிருக்கும்" என்றேன்.

கருவியைச் சரிபார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு. அதில் பதில் வரக் கூடாது. முனையைச் செருகினேன்.

வரவில்லை. கருவி நன்றாகத்தான் இருந்தது.

முனையை மறுபடி குழந்தையின் காதில் வைத்தேன். இந்த முறை கருவியிலிருந்து ஒலி எதுவும் அனுப்பாமல், உள்ளிருந்து வருவதைக் கேட்க மட்டும் விட்டேன். திரை வெறுமையாக இருந்தது.

மாதேவி முனகுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

ஒரு டிக் விழுந்தது.

அவள் இத்தனை நேரம் முனகிய அதே கட்டை சுருதி.

"அக்கா," என்றாள் மாதேவி. "வயித்துல இருந்தப்ப தெனமும் இவளுக்கு இப்படித்தான் முனகுவேன். கரும்பு வெட்டுறப்பகூட. யார்கிட்டடி பாடுற, பைத்தியம்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு தடவையாவது இவளுக்குக் கேட்டிருக்குமா?"

சீட்டை அவள் கையில் வைத்தேன்.

"கேட்டுச்சும்மா. ரெண்டு காதும் நல்லாக் கேட்டுச்சு."

அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சாயங்காலம் குழந்தையுடன் ஊருக்குப் போனாள்.

ஒரு மாதமாகிறது. இப்போது பிளாஸ்டிக் குழாயிலும் அந்த ஒரு டிக் விழுகிறது. அதே சுருதியில் நான் முனகினால்தான் மறைகிறது. எனக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. இருந்தாலும் தினமும் முனகிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

"கச்சேரி முடிஞ்சுதா மேடம்?" என்று புட்டலட்சுமி கிண்டல் செய்வாள்.

நேற்று சளி பிடித்து எனக்குக் குரல் எழும்பவில்லை. டிக் விழுந்தது விழுந்தபடி நின்றது.

பதினோராம் தொட்டில் காலியாகத்தான் இருந்தது.

அதிலிருந்து பசித்த அழுகை வந்தது.

புட்டலட்சுமியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அவள் கிண்டல் செய்யவில்லை.

"முனகுங்க மேடம்," என்றாள். "எப்படியாவது முனகுங்க."