சுவர் தாண்டிய பந்து

“உங்க கிளப் பெரிய கிளப்பா?”

எலியட் இப்படிக் கேட்டபோது மார்னியின் வாயில் பாதி மீன் துண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம். பள்ளிச் சாப்பாட்டு அறை முழுக்க வறுத்த மீன் வாசனை. மார்னி மெதுவாக மென்றாள். மென்று முடிப்பதற்குள் அவன் வேறு யாரிடமாவது பேசப் போய்விடுவான் என்று நினைத்தாள்.

அவன் போகவில்லை. அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கறுப்பு மப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்டர்லி டவுன் கால்பந்து கிளப்பின் மப்ளர் அது. எலியட்டின் கழுத்தில் சிவப்பு மப்ளர். அவன் பெரிய நகரத்திலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“எத்தனை கோப்பை ஜெயிச்சிருக்கீங்க?”

மார்னி ஒரு விரலைக் காட்டினாள். அந்த ஒரு கோப்பைக்கும் கைப்பிடி உடைந்துபோய், அம்மா அதில் டீ ஸ்பூன்களைப் போட்டு வைத்திருப்பதை அவள் சொல்லவில்லை.

“எங்க மைதானத்துல எழுபதாயிரம் பேர் உக்காரலாம். உங்க மேட்சுக்கு எத்தனை பேர் வருவாங்க?”

மார்னி யோசித்தாள். “நாயைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பழுப்பு நாய் தவறாமல் வந்துவிடும். ஆனால் மேசை முழுக்கச் சிரித்தது. மார்னி மறுபடியும் மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்று மணிக்கு ஆட்டம்.

கால்டர்லி டவுன் மைதானத்தின் ஒரு பக்கம் செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய். அங்கேதான் மார்னிக்கு வேலை. ஏனென்றால் டவுன் அணியில் டென்ஸில் மாமா இருந்தார்.

டென்ஸில் மாமா மார்னியின் அம்மாவுக்குத் தம்பி. வார நாட்களில் வீடு வீடாகப் போய்க் குழாய் ரிப்பேர் செய்வார். சனிக்கிழமை தடுப்பு ஆட்டக்காரர். பந்து பக்கத்தில் வந்தால், அது கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போகும்வரை உதைப்பது அவர் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் கால்வாய்தான்.

கிளப்பிடம் மொத்தமே மூன்று பந்துகள். அதனால் ஒரு பந்து சுவரைத் தாண்டியதும், மார்னி நீளமான கம்பில் கட்டிய மீன் வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாக ஓட வேண்டும். காற்று பந்தைப் பாலத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

இதில் ஒரே ஒரு கஷ்டம். இந்த வருடம் டவுன் போட்ட ஒரு கோலைக்கூட அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோலும் அவள் கால்வாய்க் கரையில் நிற்கும்போதுதான் விழுந்தது. எல்லாவற்றையும் காதால்தான் பார்த்தாள். கூட்டம் “ஓ...” என்று இழுத்தால் பந்து வெளியே போய்விட்டது. திடீரென்று எல்லாரும் அமைதியானால் எதிரணி கோல் போட்டுவிட்டது. டீக்கடைத் தட்டு டமடமவென்று ஒலித்தால் டவுன் கோல்! டீக்கடை அம்மாவுடையது. தட்டை அடிப்பதும் அம்மாதான்.

அன்று முதல் பந்தை நாணல் புதரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது தட்டு டமடமத்தது.

“யாரு போட்டது?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

“தபால்காரரு, கண்ணு! தலையால!” என்று அம்மாவின் குரல் வந்தது. ஊர்த் தபால்காரர்தான் டவுனின் முன்வரிசை ஆட்டக்காரர்.

டவுன் முன்னால் இருந்தது! கிறிஸ்துமஸுக்குப் பிறகு சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் போதும்.

ஆனால் கெட்ட நேரம். அந்தப் பந்தை நாணலுக்குப் பக்கத்து முள் குத்தி, அது புஸ்ஸென்று போய்விட்டது. அடுத்த பந்து பாலத்தடியில் கூடு கட்டியிருந்த அன்னத்திடம் போய் நின்றது. மார்னி வலையை நீட்டினாள். அன்னம் கழுத்தை நீட்டிச் சீறியது. மார்னி வலையை மடக்கிக்கொண்டாள்.

மிச்சம் ஒரு பந்து. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்.

“மாமா, மெதுவா உதைங்க!” என்று சுவருக்கு மேலாகக் கத்தினாள்.

பதிலாகப் பந்துதான் வந்தது. சுவருக்கு மேல், மரத்துக்கு மேல் பறந்து, கரையோரம் கட்டியிருந்த நீலப் படகின் கூரையில் தடால் என்று விழுந்தது. அந்தப் படகு ஒரு வீடு. ஜன்னலில் திரை, கூரையில் பூந்தொட்டி, சின்னப் புகைக்கூண்டு எல்லாம் இருந்தன.

படகின் கதவு திறந்தது. வெளியே வந்தது எலியட். ஒரு கையில் ரேடியோ. இன்னொரு கையால் பந்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

“நீ இங்கயா இருக்க?” என்றாள் மார்னி.

“அம்மாவும் நானும். ஏன், படகுல இருக்கக் கூடாதா?”

“இருக்கலாமே. பந்தைக் குடு.”

“மாட்டேன்.”

“மேட்ச் நின்னுபோச்சு. குடுடா!”

“நிக்கட்டும். உங்கள மாதிரி சின்ன கிளப்பாலதான் எங்க டீம் மேட்சை என்னால பாக்க முடியல. சனிக்கிழமை மூணு மணி மேட்சை டிவில காட்டக் கூடாதாம். காட்டினா உங்க மேட்சுக்கு யாரும் வர மாட்டாங்களாம். ஆஸ்திரேலியாவுல இருக்கற என் சித்தி பையன் நடுராத்திரி எழுந்து எங்க டீம் ஆடறதப் பாக்கறான். நான் இந்த நாட்டுலயே இருந்துக்கிட்டு ரேடியோவக் கட்டிக்கிட்டு அழறேன்!”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டென்ஸில் மாமாவின் குரல் கேட்டது. “மார்னி! பந்து என்னாச்சு? ரெஃப்ரி வாட்சையே பாத்துக்கிட்டிருக்காரும்மா!”

பந்து வராவிட்டால் நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டுவிடுவார். தபால்காரர் தலையால் போட்ட கோலும் இல்லை என்றாகிவிடும். வேறொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும்.

மாமாவிடம் சொன்னால் போதும். அவர் சுவரேறிக் குதித்துவிடுவார். அவரைப் பார்த்தால் அன்னமே பந்தைக் கொடுத்துவிடும். மார்னி வாயைத் திறந்தாள். அப்போதுதான் எலியட்டின் மூக்கு சிவந்திருப்பதைக் கவனித்தாள். ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று அவன் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை.

“இப்ப வந்துரும் மாமா!” என்று கத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ராத்திரி கோல் எல்லாம் காட்டுவாங்கள்ல? அப்பப் பாத்துக்கலாம்ல?”

“கோலைத்தான் காட்டுவாங்க. ஆளுங்களக் காட்ட மாட்டாங்க.”

“எந்த ஆளுங்க?”

எலியட் பந்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். “கோலுக்குப் பின்னாடி அஞ்சாவது வரிசை. அப்பாவும் நானும் எப்பவும் அங்கதான் உக்காருவோம். இப்ப அப்பா மட்டும். முழு மேட்சும் காட்டினா, ஒரு தடவையாவது கேமரா அந்தப் பக்கம் திரும்பும்ல?”

மார்னி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் டீக்கடையும் மாமாவும் எப்போதும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் குரல் வந்துவிடும். எலியட்டின் அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்!

“கோல் விழுந்தா உங்கப்பா என்ன பண்ணுவாரு?” என்று கேட்டாள்.

“ரெண்டு விரலை வாயில வெச்சு விசிலடிப்பாரு. பக்கத்துல இருக்கறவங்க காதைப் பொத்திக்குவாங்க.”

“அப்ப ரேடியோவ இப்படி நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டேன். ரேடியோவுல பேசறாரே, அவர விட்டுடு. அவருக்குப் பின்னாடி ஒரு சத்தம் இருக்கு பாரு, அத மட்டும் கேளு. எங்க மேட்சை நான் அப்படித்தான் பாக்கறேன்.”

எலியட் சந்தேகத்தோடு கூரை விளிம்பில் உட்கார்ந்து ரேடியோவை நீட்டினான். மார்னி கரையில் நின்றபடி காதைக் கொடுத்தாள். முதலில் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. பிறகு அது தனித்தனியாகப் பிரிந்தது. கைதட்டல். பாட்டு. யாரோ இருமினார்கள்.

திடீரென்று ரேடியோவே வெடித்துவிடும்போல ஒரு கூச்சல். கோல்! சிவப்பு அணிக்குத்தான். அந்தக் கூச்சலுக்கு மேலே, ஊசி மாதிரி மெல்லிசாக, நீளமாக ஒரு விசில்.

“அப்பா!” எலியட் துள்ளி எழுந்ததில் ஒரு பூந்தொட்டி உருண்டது. “கேட்டியா? அது அப்பாதான்!”

எழுபதாயிரம் பேரில் எத்தனை பேருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று மார்னி கேட்கவில்லை.

“நல்ல விசில்,” என்றாள். “மூச்சே விடல பாரு.”

“அவரு அப்படித்தான்!” என்று சொல்லிச் சிரித்த எலியட், இடுப்பிலிருந்த பந்தை அப்போதுதான் பார்த்தவன்போல அவள் வலைக்குள் போட்டான்.

மார்னி ஓடினாள். ஆட்டம் தொடர்ந்தது. நடுவர் கடைசி விசிலை ஊதியபோது, அம்மா அடித்த அடியில் தட்டு நெளிந்துபோனது. டென்ஸில் மாமா பழுப்பு நாயைத் தூக்கிவைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்.

எல்லாரும் போன பிறகு, மார்னி வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவலோடு நீலப் படகுக்குப் போனாள்.

“அடுத்த சனிக்கிழமை உங்க டீமுக்கு மேட்ச் இல்ல, தெரியும்ல?”

“தெரியும்.” எலியட் ஒரு வறுவலை எடுத்து ஊதினான். “நாட்டு டீமுங்க ஆடுது. எங்க ஆளுங்களெல்லாம் அவங்கவங்க நாட்டுக்கு ஆடப் போயிடுவாங்க. பெரிய கிளப்புக்கெல்லாம் லீவு.”

“எங்களுக்கு லீவு கிடையாது.”

“ஏன்?”

“எங்க ஆளுங்கள எந்த நாடும் கூப்பிடல.”

எலியட் வறுவலோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. மார்னி அவன் முதுகில் தட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப அடுத்த சனிக்கிழமை உங்கப்பா சும்மாதான இருப்பாரு?”

எலியட்டின் வாய்க்குப் போன வறுவல் பாதியிலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமை, சிவப்பு மப்ளர் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் எலியட்டின் கையைப் பிடித்தபடி நுழைவாயிலில் தயங்கி நின்றார்.

“நம்ம இடம் எந்த வரிசைடா?”

“எந்த வரிசை வேணாலும், அப்பா. பிடிக்கலன்னா எழுந்து இன்னொரு வரிசைக்குப் போகலாம். நாய் உக்காந்திருக்கற இடம் மட்டும் கூடாது. அது நாயோட இடம்.”

“ஓஹோ. கிளப் எப்படி, பெரிசா?”

மார்னி பக்கத்திலேயே வலையோடு நின்றிருந்தாள். அவளுக்குக் காது சூடானது.

எலியட் சுற்றிப் பார்த்தான். தூரத்தில், சுவருக்கு மேலே, அவன் அம்மா படகுக் கூரையில் ஏறி நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

“சின்னதுதான்,” என்றான். “ஆனா யாரு எங்க உக்காந்தாலும் தெரியும்ப்பா. கேமராவே வேணாம்.”

அப்பா இரண்டு விரலை வாயில் வைத்துச் சும்மா ஒரு விசில் அடித்துப் பார்த்தார். நாய் குரைத்தது. டீக்கடையில் மார்னியின் அம்மா ஒரு கோப்பையைக் கீழே போட்டாள். “யாருப்பா அது, ரயிலா?” என்று மைதானத்திலிருந்தே டென்ஸில் மாமா கேட்டார்.

அன்று மாமா ஒரு பந்தைக்கூடச் சுவருக்கு மேல் அடிக்கவில்லை. வெளியூர்க்காரர் முன்னால் நல்ல பெயர் வாங்க நினைத்தாரோ என்னவோ. ஆனால் கோலும் விழவில்லை. கடைசி நிமிடங்களில் எதிரணித் தடுப்பாளர் தபால்காரரின் காலைத் தட்டிவிட்டார். நடுவர் விசில் ஊதினார்.

பெனால்டி!

அந்தத் தடுப்பாளருக்கு வந்ததே கோபம்! காலடியில் கிடந்த பந்தை ஓங்கி ஓர் உதை விட்டார். அது சுவரைத் தாண்டிப் போயேபோய்விட்டது.

நடுவர் வேறு பந்தைக் கேட்டு வாங்கி, வெள்ளைப் புள்ளியில் வைத்தார். உதைக்க வந்து நின்றவர் டென்ஸில் மாமா. வரிசை முழுக்க ஒரு முனகல் எழுந்தது.

“மார்னி, வலையை எடுத்துக்கோ! இந்தப் பந்தும் அங்கதான் போகும்!” என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்னி சிரிக்கவில்லை. எழுந்து வலையைத் தோளில் சாய்த்தாள். எப்போதும் இப்படித்தான், கோல் விழுந்தாலும் அவள் காதால்தான் பார்க்க வேண்டும். பெனால்டி முடியும்வரை காற்று காத்திருக்காது. இந்நேரம் பந்து அன்னத்தின் வீட்டு வாசலுக்கே போயிருக்கும்.

மாமா நாலடி பின்னால் போய் நின்றார். எலியட்டின் அப்பா இரண்டு விரலையும் வாய்க்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டார்.

எலியட் அந்த இரண்டு விரலையும் ஒரு தடவை பார்த்தான். சுவரைப் பார்த்தான். மார்னியைப் பார்த்தான்.

அவள் தோளிலிருந்த வலை மெல்ல நழுவியது. யார் இழுக்கிறார்கள் என்று அவள் திரும்புவதற்குள், எலியட் அதைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தச் சின்னக் கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கால்வாய்ப் பக்கம் போய்விட்டான்.