மயில் கத்தாத தோட்டம்

மயில்கள் கத்தவில்லை.

பெருந்துறைக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருக்கிற யாரும் மயில் கத்தவில்லையே என்று கவலைப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. தக்காளியைக் கொத்தி, நிலக்கடலையைக் கிளறி, விடியுமுன் கூரையேறி ஆளை எழுப்பிவிடுகிற ஜந்து அது. கல்லெடுத்து எறியவும் முடியாது, தேசியப் பறவை. கனகமும் அவற்றைத் திட்டாத நாளில்லை. ஆனால் அன்றைக்குப் பொழுது சாய்ந்து, தென்னை நிழல்கள் களத்தைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் நீண்டபோது, பின்வாசல் கதவில் கை வைத்து நின்றவளுக்கு எதுவோ குறைந்தது போலிருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் எது என்று தெரிந்தது. மயில் மட்டுமில்லை; வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கிணற்றில் கசிவு ஏறிய நாளிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகளும் இல்லை. கிழக்கே பக்கத்துத் தோட்டத்தில் மயில் கூவுவது கேட்டது. அங்கே கூவுகிறது. இங்கேதான் இல்லை.

நாய் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. சோற்றைக் காட்டியும் வரவில்லை.

போன் அடித்தது. கணவர் நஞ்சுண்டன். பின்னணியில் மைக் டெஸ்டிங் சத்தம்.

"கனகம், வாய்க்கால்ல தண்ணி கூட வுட்டிருக்கானாம். கெணறு வழிஞ்சிரும். மடையில மேல்பலகையப் போட்டுரு."

"சரிங்க."

"நாளைக்குக் கொடுமுடிக்கு வேன் சொல்லியாச்சு. உங்கண்ணன் பேரனுக ரெண்டு பேரும் வாரானுகளாம். ஆத்துல எறங்கி நீந்தோணும்னு இப்பவே குதிக்கறானுக."

"ஏனுங்க... சின்னு இன்னும் எதுவும் திங்கலீங்க."

"பொன்னாடை போத்தக் கூப்படறாங்க, வெக்கறேன்."

அவர் கோயம்புத்தூரில் ஒரு மேடையில் இருந்தார். நூல் மில் முதலாளி, நாலைந்து சங்கங்களின் கௌரவ ஆலோசகர், சீமைக் கருவேல ஒழிப்பு இயக்கத்தின் தலைவர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு விதை நம் மண்ணை எப்படிக் குடித்துவிடும் என்று அவர் பேச ஆரம்பித்தால் முன்வரிசையில் கண் கலங்குவார்கள். பின்வரிசையில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். கருவேல மரத்தை அவர் வெட்டுகிற படம் பெருந்துறை முழுக்க ஃபிளெக்ஸில் இருந்தது. மரத்தைச் சாய்த்தது பொக்லைன். அவர் கையிலிருந்த அரிவாளில் கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூடப் பிரியவில்லை.

அவருடைய கிணற்றில் தென்னமெரிக்கப் பாம்பு ஒன்று இருந்தது.

அது மகன் நிதீஷுடையது. பீளமேட்டில் காலேஜ் படித்தபோது யாரிடமோ வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். அப்போது அது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றும் அளவுதான். பாசி நிறம், மேலே கறுப்பு வட்டங்கள், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் கோடு. 'அனகோண்டாங்மா, பேரு சின்னு' என்று கையை நீட்டினான். கனகம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை காலையில், மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது, 'வாரனுங்மா' என்று வாசலில் குரல் கொடுத்துவிட்டுப் பைக்கை எடுத்தான். 'போயிட்டு வா கண்ணு' என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கேட் சாத்திய சத்தம் கேட்டது. அவினாசி ரோட்டில் லாரி. சாம்பலைக் கொடுமுடியில் காவிரியில் கரைத்தார்கள்.

அதற்குப் பிறகு சமையலறைக் கதவு சாத்தப்படவில்லை. அவன் கை பட்டதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். கோழிப்பண்ணையில் கழித்த குஞ்சுகளை அவளே வாங்கிவந்து போட்டாள். அது வளர்ந்தது. கை அளவு தடித்தது, தொடை அளவு தடித்தது.

பிறகு, வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வனத்துறையில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. நிதீஷின் சிநேகிதி லோகப்பிரியா, இப்போது கால்நடை டாக்டர், அதைச் சொல்லவென்றே வந்தாள்.

"பேரு குடுத்தாப் போதுங்மா, நீங்களே வெச்சுக்கலாம். முடியலேன்னா அவங்களே எடுத்துக்குவாங்க."

எடுத்துக்குவாங்க. கனகத்தின் காதில் அந்தச் சொல் ஒன்றுதான் விழுந்தது.

நஞ்சுண்டனுக்கு வேறு கவலை. "அந்நியச் செடியப் புடுங்குங்கன்னு ஊரெல்லாம் பேசிப்போட்டு, என்ற பேர்ல அந்நியப் பாம்பப் பதியறதுங்களா? நல்லாருக்குதே. வாய்க்கால்ல வுட்டாப் போகுது."

"அய்யோ, அத மட்டும் செஞ்சுபோடாதீங்க அங்கிள். இதுக துணையில்லாமயே குட்டி போட்டிருக்குதுக. ஆத்துல சேந்துச்சுன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"துணையில்லாமக் குட்டி போடறதுக்கு அது என்ன அம்மணி, நம்ம மில் ஓனர் சங்கமா?" அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். போன வருஷம்தான் அந்தச் சங்கம் நான்காகப் பிரிந்திருந்தது. நாலிலும் அவர் பெயர் இருந்தது.

அவள் போனபிறகு கனகம் அவர் காலைப் பிடித்தாள். வாய்க்காலும் வேண்டாம், வனத்துறையும் வேண்டாம். நம்ம கிணற்றிலேயே இருக்கட்டும், நாலு பக்கமும் கல் கட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஒத்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கும் ஒரு மேடை இருந்தது.

இப்போது மாதக்கணக்கில் அது சாப்பிடவில்லை. போட்ட கோழி போட்டபடி ஊறி மிதந்தது. உடம்பு மட்டும் நடுவில் ஊதியிருந்தது. செத்துப்போகும் நோய் என்று கனகம் நினைத்தாள். டாக்டரைக் கூப்பிட்டால் கொண்டுபோய்விடுவார்கள், கூப்பிடாவிட்டால் போய்விடும். இரண்டாவது தடவை. தூக்கம் வராமல் அதையே நினைத்துக் கிடந்தாள்.

தட்டில் கோழிக்கறியைப் போட்டு எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

வழியில் வாடை வந்தது. நனைந்த சாக்கு, பழைய ரத்தம், பிரசவ வார்டு துடைத்த தரை, இவையெல்லாம் கலந்த மாதிரி ஒரு வாடை. மூக்கில் ஏறித் தொண்டையில் உப்பாக நின்றது. காற்று இல்லை. ஆனாலும் மடையோரத்துக் கோரைப்புல் அசைந்துகொண்டிருந்தது, யாரோ விரலால் கோதுவது போல, ஒரு கோடாக, கிணற்றிலிருந்து பள்ளத்து ஓடையை நோக்கி. மேல்பலகை சுவரில் சாத்தியிருந்தது. கிணறு நிறைந்து, கீழ்ப்பலகையின் மேல் தண்ணீர் மெல்லிய தகடாக வழிந்தது. அது பள்ளத்தில் இறங்கி, பள்ளம் நொய்யலில் சேர்ந்து, நொய்யல் காவிரியில் கலக்கும். இந்தத் தோட்டத்துத் தண்ணீரெல்லாம் கடைசியில் அவன் போன இடத்துக்குத்தான் போகிறது என்பது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

படியில் இறங்கினாள். கல் வழுக்கியது. இருட்டத் தொடங்கியிருந்தது.

"சின்னு. கண்ணு."

தண்ணீர் அசையவில்லை.

"ஒரு வாய் தின்னு சாமி."

எதிர்ச்சுவரோரம் பெரிய தலை எழுந்தது. எலும்பாக இளைத்திருந்தது. வயிறு ஒட்டிப்போய் உடம்பெல்லாம் தோல் மடிந்து தொங்கியது. உயிரோடு இருக்கிறது. கனகத்துக்கு அழுகை வந்தது. தட்டை நீட்டினாள்.

"கண்ணு..."

அதன் பக்கத்தில் இன்னொரு தலை எழுந்தது. சின்னது. கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் கோடு.

அப்புறம் ஒன்று.

அப்புறம் கிணறு முழுக்க. கல் இடுக்குகளில். படிக்கட்டில். அவள் காலடியில். மூச்சுக் காட்டாமல், எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு.

தட்டு விழுந்தது. சத்தம் கிணற்றைச் சுற்றி வந்து அடங்கியது. ஒன்றுகூட அசையவில்லை.

ஓட வேண்டும். ஈரமாக ஏதோ இடது கையில் ஏறியது. மணிக்கட்டில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அன்றைக்கு அவன் நீட்டிய அதே அளவு. அதே கனம். அவள் உதறவில்லை. உதறக் கையைத் தூக்கினாள், தூக்கிய கை அப்படியே நின்றது.

மடையில் சலசலப்பு. குட்டிகள் வழிகிற தண்ணீரோடு பலகை தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று. ஒன்று. ஒன்று. அவசரமில்லாமல்.

மேல்பலகை. இரண்டு படி மேலே. ஏறிப் போய் எடுத்தாள். இறக்கிவிட்டால் போதும். நாளைக்கு வேன். ஆற்றில் குதிக்கக் காத்திருக்கிற பிள்ளைகள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. பலகையை அடைத்தால் காலையில் ஆள் வரும். சாக்கு வரும். தடி வரும்.

எடுத்துக்குவாங்க.

பெரியது அவள் காலை உரசிக்கொண்டு மடையேறியது. ஈரத்தோல், நீளமாக, முடிவில்லாமல். பலகை முனகியது. புல் சாய்ந்தது.

மணிக்கட்டில் இருந்தது கொஞ்சம் இறுக்கியது.

கனகம் மேல்பலகையைத் திரும்பவும் சுவரில் சாத்தினாள்.

"போயிட்டு வா கண்ணு," என்றாள். முழுசாக, கேட்கும்படி.

கிழக்கே, பக்கத்துத் தோட்டத்தில் மயில் கூவியது. பாதியில் நின்றது.

அதற்கடுத்த தோட்டத்தில் ஒன்று கூவியது.

நின்றது.

அதற்கும் அப்பால். தூரத்தில். ஆற்றுப் பக்கம்.

நின்றது.