உயிரைப் பாத்துக்கோங்க, மாப்ள

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு சட்டைப் பொத்தான்.

அன்று மதியம் என் தையல் கடைக்கு வந்தான். பொத்தான் தைத்து நூலைக் கடிக்கும்போது மெல்லச் சொன்னான்.

"உன் வீட்டுக்காரர் இன்னைக்கு உன்கிட்ட ஒரு விஷயம் சொல்வார். சொல்லலைன்னா நாளைக்கு நான் சொல்றேன்."

"என்னண்ணா பீடிகை பலமா இருக்கு?"

"அவர் வாயாலயே வரட்டும்."

சாயங்காலம் போன் அலறியது.

அண்ணன் தன் வீட்டு நாலாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்துவிட்டான்... நான் தைத்த பொத்தான் மட்டும் அறுந்து போகாமல் இருந்தது.

அண்ணனும் என் கணவரும் ஒரே விளையாட்டுப் பைத்தியங்கள். டிராகன், மந்திரவாதி, மாயக் கோட்டை என்று ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடுவது. அதில் அண்ணன் கேடயம் தாங்கும் தளபதி. என் கணவர், அடிபட்டவர்களுக்குப் பச்சை ஒளி பாய்ச்சி உயிர் ஏற்றும் வைத்தியர்.

அன்றும் அவரவர் வீட்டிலிருந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மைக்கில் சொன்னதைக் கூட ஆடிய படையே கேட்டிருந்தது.

"யாரோ கதவைத் தட்டுறாங்க. மாப்ள, வர்ற வரைக்கும் என் உயிரைப் பாத்துக்கோங்க."

தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதிப் போட்டுவிட்டு, என் கணவர் அன்று மைக்கை அணைத்திருந்தார். ஆனால் அவருடைய வைத்தியர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. படையே சாட்சி.

போலீஸ் விபத்து என்றது.

"அண்ணன் என்னமோ சொல்லச் சொன்னானே?" என்று அவரிடம் கேட்டேன்.

"வேற வேலைக்குப் போகலாம்னு இருந்தேன். அதுதான். இப்ப அதுவா முக்கியம்?" என்று அழுதார். நான்தான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அந்தப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர்களில் ஒருவர் நிஜமாகவே இறந்தால், விளையாட்டுக்குள் எல்லோரும் ஆயுதத்தைத் தரையில் வைத்துச் சுற்றி நின்று நினைவைப் பேசுவார்கள்.

எங்கள் வீட்டில், அண்ணனின் லேப்டாப்பில் நானே தளபதியைத் திறந்து நடுவில் நிறுத்தினேன். பக்கத்து மேஜையில் என் கணவர், வைத்தியராக. விபத்து வழக்கை முடிக்கக் கையெழுத்து வாங்க வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொம்மைக்கெல்லாம் துக்கம் கேக்கறாங்களா? பரவால்ல, நிஜ எழவு வீட்ல போடற சண்டையாவது இங்க இல்ல."

ஸ்பீக்கரில் வில்லாளியாக ஆடுகிற பெண்ணின் குரல்.

"தளபதி போனதும் குகைக்குள்ள டிராகன் முழிச்சிருச்சு. நாங்க உள்ள செத்துச் செத்து விழுந்தோம். வைத்தியர் வாசல்ல தளபதியை விட்டு வரவே இல்ல. தளபதிக்கே மருந்து போட்டுட்டு இருந்தார். அவ்ளோ பாசம்..."

"எங்க அண்ணனுக்கு அப்ப அடிபட்டிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஒரு கீறல்கூட இல்ல."

"அப்புறம் எதுக்கு மருந்து?"

என் கணவரின் கை மவுஸுக்குத் தாவியது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்தார்.

"இருங்க சார். நல்லாத்தானே போகுது."

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, துணி நகராமலிருக்க நான் வைக்கும் இரும்புக் கட்டை கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. பேப்பர் பறக்கிறதென்று வைத்தாராம். அந்த மேஜையில் பேப்பரே இல்லை.

எழுந்து போய்க் கட்டையை எடுத்து வந்தேன். என் கணவரின் திரையில் தளபதியின் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு தட்டு. கீபோர்டில் மருந்துப் பொத்தானின் மேல் கட்டையை வைத்தேன்.

திரையில் வைத்தியர் கோலை உயர்த்தினார். பச்சை ஒளி அண்ணன் மேல் பாய்ந்தது. மறுபடி. மறுபடி... ஆள் இல்லாமலே.

ஸ்பீக்கரில் மறுபடி வில்லாளி.

"வைத்தியர், ஏன் பேசமாட்டேங்கறீங்க? எங்கப்பா வேற கேட்டுட்டே இருக்கார், பொண்ணு கேக்க எப்ப வர்றீங்கன்னு. தளபதிகிட்டயும் அன்னைக்குக் காலைல சொல்லிட்டேன்... ஆமா, பக்கத்துல பேசறது யாருங்க? தங்கச்சியா?"

"பொண்டாட்டி" என்றேன்.

அண்ணன் சொல்ல வந்தது அதுதான்.

என் கணவர் தரையில் உட்கார்ந்தார்.

"தள்ளணும்னு போகலம்மா... பேசத்தான் போனேன். உன்கிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சத்தான்..."

அதுவரை அவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை.

"பேசப் போறவன் எதுக்குடா கட்டையை வச்சுட்டுப் போன?"

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பி நிறுத்தினார். வாசலில் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"கைராசிக்கார வைத்தியர்தான். வெளியதான் வேலை செய்யல."

அவர்கள் போன பிறகும் நான் கட்டையை எடுக்கவில்லை. அண்ணனின் தலைக்கு மேல் உயிர்க்கோடு.

நூற்றுக்கு நூறு.