பக்கத்து இருக்கையின் சிவப்பு விளக்கு

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அக்கா, புதிதாக வாங்கிய பழைய காரைத் தம்பியின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். தம்பிக்குக் கார்களில் வயரிங் பார்க்கிற தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் வயரிங்காரர்தான்.

"பக்கத்து சீட்டுல பெல்ட் போடலைன்னு சிவப்பு லைட்டு எரியுதுடா. டிங் டிங்னு கத்துது. சீட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது."

"உன் கைப்பையை வெச்சிருப்ப. அதுலதான் பாதி வீடு இருக்குமே."

"கிண்டல் பண்ணாத. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொண்ணையும் பேரனையும் கூட்டிட்டு வரணும். அவ முன்னாடிதான் உட்காருவா, பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு. பச்சப்பிள்ளை காதுல இது கத்திக்கிட்டே வரணுமா? எப்படியாவது இதோட வாயை அடைச்சு விடு."

சொல்லிவிட்டு அக்கா குடையை விரித்து எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போனாள்.

வாயை அடைக்கப் பட்டறைகளில் ஒரு குறுக்குவழி உண்டு. பெல்ட் இல்லாத வெறும் கொக்கி. அதைப் பூட்டில் சொருகிவிட்டால் ஆள் பெல்ட் போட்டதாக வண்டி நம்பிவிடும். வயரிங்காரரின் இழுப்பறையில் அப்படிக் கொக்கிகள் கைப்பிடி அளவு கிடந்தன.

இன்ஜினைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது; மணி அடித்தது. கொக்கியைச் சொருகினார். இரண்டும் அடங்கின. இவ்வளவுதானா என்று கையைத் துடைக்கத் திரும்பினார்.

க்ளிக்.

கொக்கி கால் மிதியடியில் கிடந்தது. விளக்கு எரிந்தது.

பூட்டின் விசை தளர்ந்திருக்கும் என்று நினைத்து மறுபடி எடுத்தார். கொக்கி ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. அழுத்திச் சொருகி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

ஏதோ ஒன்று அவர் விரலை மெதுவாக விலக்கியது.

க்ளிக்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. வண்டிக்குள் முகப்பவுடர் வாசனையும், அதனடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் வந்தன. இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தை நடுவில் குழிந்திருந்தது. கையை எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை.

அவசரமாகக் குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்த பிளக்குகளைக் கழற்றினார். இனி அந்த இருக்கையில் ஆள் இருப்பதை வண்டி அறிய வழியே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

அந்தப் பயத்திலும் இன்னொன்று கண்ணில் உறுத்தியது. கழற்றியவற்றில் ஒன்று மஞ்சள் பிளக்; மோதினால் ஊதிப் புடைத்து ஆளைக் காக்கும் ஏர்பேக்கின் வயரிங்கைச் சேர்ந்தது. அதைக் கழற்றினால் ஏர்பேக் விளக்கு உடனே எரிந்து புகார் சொல்ல வேண்டும். அது செத்ததுபோல இருந்தது. இன்ஜினை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். டாஷ்போர்டில் இன்ஜின் எண்ணெய் விளக்கு அணைகிற அதே நொடியில் ஏர்பேக் விளக்கும் அணைந்தது. ஏர்பேக் கோளாறு வெளியே தெரியாமலிருக்க, இரண்டையும் யாரோ ஒரே வயரில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த விளக்கு பொய் சொல்கிறது.

அப்போதுதான் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

உட்புறத்தில், ஒரு முகத்தின் உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் தனியாக இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை விட்டு ஓடுவது போல மனசுக்குப் பட்டது. கையை அசைக்க முடியாத நோயாளிக்கும் சின்னக் குழந்தைக்கும் நாம்தானே பெல்ட் மாட்டிவிடுகிறோம்?

"கடவுளே, துணையிரு" என்று முணுமுணுத்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். பெல்ட்டை மெதுவாக இழுத்தார்.

"மாட்டிக்கோம்மா."

அம்மா என்று ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பெல்ட் பூட்டில் விழுந்தது. ஆனால் இருக்கையில் படியவில்லை. ஒரு சாண் விலகி, வெறும் காற்றின் மேல் வளைந்து நின்றது.

ஏறியது. இறங்கியது.

மூச்சு.

விளக்கு அணைந்தது. டாஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அங்கிருந்த மூடியைத் திருப்புளியால் நெம்பினார். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் துணி திணித்திருந்தது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்ணின் சால்வை. அதில் காய்ந்து கறுத்த கறை.

காதோரம் குளிர்ந்த காற்று பட்டது.

"பிள்ளையை இங்க உட்கார வைக்காதீங்க..."

அக்கா திரும்பி வந்தபோது அவர் மழையில் நனைந்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"என்னடா கோலம் இது? லைட்டு அணைஞ்சிடுச்சா?"

"வேற வண்டி சொல்லியிருக்கேன்க்கா. பொண்ணும் பிள்ளையும் பின் சீட்டுல வரட்டும். இந்த வண்டி வேண்டாம்."

"உனக்குப் பைத்தியமா? பார்த்துப் பார்த்து வாங்கின வண்டி..."

அவர் ஏர்பேக் இருக்க வேண்டிய அந்தப் பொந்தைக் காட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பேரனைக் காப்பாத்திட்டடா."

"நான் இல்லக்கா" என்றார் அவர்.

பிறகு புது ஏர்பேக் மாட்டினார். பொய் வயரை வெட்டி எறிந்தார். சால்வையைத் துவைத்து மடித்து, அந்த இருக்கையில் உயிர்விட்ட பெண்ணின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டு அலமாரியில் வைத்தார். வெறும் கொக்கிகள் எல்லாம் குப்பைக்குப் போயின. அக்காவின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு அதற்குப் பிறகு காரணமில்லாமல் எரியவே இல்லை.

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில் புது ஆள் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார்.

"அண்ணே, பக்கத்து சீட்டு லைட்டு நேத்துல இருந்து உயிரை வாங்குது. யாருமே உட்காரல. பசங்களை வேற பள்ளிக்கூடத்துல விடணும். ஏதாவது கொக்கி இருந்தா சொருகி விடுங்களேன்."

"இன்ஜினை ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

போட்டார். எண்ணெய் விளக்கும் ஏர்பேக் விளக்கும் ஒரே நொடியில் அணைந்தன.

வயரிங்காரர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். சால்வை இல்லை.

காரின் பக்கத்துக் கண்ணாடியில், அந்த வெயிலிலும், வட்டமாக ஆவி படிந்திருந்தது.

அவர் கதவைத் திறந்தார். முகப்பவுடர் வாசனை வந்தது. பெல்ட்டை மெதுவாக இழுத்தார்.

"வந்துட்டியாம்மா?"

பெல்ட் இருக்கையைத் தொடாமல், ஒரு சாண் விலகி நின்றது.