பேசும் சுவரும் சம்பந்தியும்

மகள் மதிவதனிக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் கோமளா செய்த முதல் காரியம், சமையலறையின் கிரானைட் மேடையைப் பெயர்த்தெடுத்துவிட்டு எவர்சில்வர் தகடு போட்டதுதான். கும்பகோணத்தில் அப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் அதே இடிப்புச் சத்தம். கல்செவி வந்துவிட்ட காலத்தில் கல் மேடையை வைத்துக்கொண்டு யார் சம்பந்தம் பேச முடியும்? மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்து, உள்ளங்கை அளவுக் கருவியை மேடைமேல் ஒட்டினால் போதும். அந்த வீட்டு மாமியாரும் மருமகளும் பேசிய பேச்சு அத்தனையும் கொட்டிவிடும்.

சங்கதி எளிமையானது. சூடான கல் ஆறிச் சுருங்கும்போது, பக்கத்தில் எழும் ஒலியைத் தனக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவை ஆறும்போதும் ஒரு படலம். கல்செவி மேல்படலத்தில் தொடங்கி அடிவரை ஒவ்வொன்றாகப் படிக்கும். எந்தப் படலம் எத்தனை பழசு என்பதை அதன் ஆழத்தை வைத்துச் சொல்லும். கருவி வந்த சூட்டோடு தொல்லியல்காரர்கள் ஓர் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் ஓட்டமாக ஓடினார்கள், ராஜாவின் குரல் கிடைக்கும் என்று. தூணுக்குத் தூண், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கிடைத்ததென்னவோ, "பொங்கல்ல நெய்யே காணோமே" என்ற புகார்தான்.

கலப்படமில்லாத பழைய குரல் கேட்க வேண்டுமானால் உலகத்தில் ஓரிடம்தான் மிச்சம். பெரு நாட்டு மலைகளின் தலைமாட்டில், இன்கா மக்கள் கட்டிய ரிமாக் பிர்க்கா. கெச்சுவா மொழியில் பேசும் சுவர் என்று அர்த்தம். கட்டிய சில நாளிலேயே மண்சரிவில் புதைந்து, தோண்டியெடுக்கும்வரை ஐந்நூறு வருஷம் வெயிலே படாமல் கிடந்தது. சூடேறவுமில்லை, ஆறவுமில்லை, கடைசியாகக் கேட்டதை அப்படியே வாயில் அடக்கி வைத்திருந்தது. மலைக்கிராமத்துச் சபை, நகல் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கேட்கணுமா, நடந்து வா.

மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரவதனம், அப்படித்தான் மேகத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கைகளையும் ஊன்றிக்கொண்டு ஊர்ந்தார். மகளும் மாப்பிள்ளையும் கொடுத்த பரிசுப் பயணம் இது. அவருக்கும், மனைவி கோமளாவுக்கும், மாப்பிள்ளையின் அப்பா பெருமாள்சாமிக்கும் சேர்த்து.

பெருமாள்சாமி கோவில்பட்டிக்காரர். மனைவியை இழந்தவர். பஞ்சு மூட்டை போல உடம்பு, பக்கத்து மலைக்குக் கேட்கிற குரல். பாதையில் மூட்டை சுமந்து வருகிற லாமா மிருகத்துக்கெல்லாம் நின்று வணக்கம் சொல்லுவார். அவர் வந்து சேருவதற்காகவே, கூட வந்த பத்து நாட்டுப் பயணிகள் கூட்டம் வளைவுக்கு வளைவு காத்து நிற்கும். காத்து நிற்பதனால்தான் தனக்கு மூச்சு திரும்புகிறது என்பதை மட்டும் சுந்தரவதனம் கணக்கில் சேர்க்கவில்லை.

"சம்பந்தி, இந்தக் கோக்கா இலைத் தண்ணியக் குடிங்க. என் பங்கையும் சேத்துக் குடிங்க. உங்க மொகம் அவிச்ச கத்திரிக்கா மாதிரி இருக்கு."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு பங்கையும் குடித்தார் சுந்தரவதனம்.

வழிகாட்டி கில்யா, அந்தக் கிராமத்துப் பெண். அவள் பேசுவதைக் காதிலிருந்த பெயர்ப்புமணி, வானொலிச் செய்தி வாசிக்கும் தமிழில் மாற்றிச் சொன்னது. "அன்பர்களே, மாலை நெருங்குகிறது. சுவர் ஆறத் தொடங்கும். வாய்க்கவசம் அணிந்துகொள்ளுங்கள். கல்லை மாசுபடுத்துவோர், கல்லால் ஆன எந்தப் புராதனக் கட்டடத்துக்குள்ளும், எந்த நாட்டிலும், ஆயுள் முழுவதும் நுழைய முடியாது."

"நம்ம ஊர்க் கோயிலுக்குமா?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

"கல்லால் ஆன எதற்கும்."

அவர் பயந்துபோய் அப்போதே கவசத்தை மாட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் விலக்கிவிட்டுக் கேட்டார். "தாயி, அந்தச் சொவத்துல என்னதான் இருக்கு? ராஜா பேசுறாரா?"

கில்யா சிரித்தாள். "ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாள். 'வா, ஆறிவிடும்' என்கிறாள். அவ்வளவுதான். ஒவ்வொரு பயணத்திலும் நான் அவளுக்குப் பதில் சொல்லுவேன், மனதுக்குள்."

பெருமாள்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சுந்தரவதனத்துக்குக் கால் வலித்தது.

காற்றுக்கு மறைவாகச் சுவரை ஒட்டியே கூடாரங்கள் போட்டிருந்தார்கள். கத்தி முனை நுழையாத இணைப்புகளோடு, யானை யானையாகக் கற்கள். பொழுது சாயும் நேரம். பெருமாள்சாமி எங்கேயோ எழுந்து போனார். சுந்தரவதனம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். பகலெல்லாம் அடக்கிய ஆத்திரம் பொங்கியது. கவசத்தைக் கழற்றினார்.

"மாட்டுங்க!" என்று கைஜாடையில் பதறினாள் கோமளா.

"போடி. இது தமிழ். இங்க எவனுக்குப் புரியப் போவுது?"

வெளிநாட்டு மண்ணில் கால் வைத்ததும் நம்மவர்களுக்கு வருகிற தைரியம் அது. பக்கத்து இருக்கைக்காரரின் மூக்கைப் பற்றி அவர் முன்னாலேயே முழுநீள விமர்சனம் செய்வோம். சுந்தரவதனமும் செய்தார்.

"இந்த ஆள் நடக்குறானா, உருளுறானா? லாமாவுக்கு வணக்கமாம்! வீட்ல பேச ஆளில்லாத மனுஷன், ஊர்ல இருக்கிற மிருகத்தோட எல்லாம் பேசுறான். புள்ளைக்கும் அப்பன் மூளைதான். போயும் போயும் இந்தக் குடும்பத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டோமேடி நம்ம பொண்ணை!"

மனசு லேசாகிவிட்டது. அன்றைக்குத்தான் அவருக்கு நல்ல தூக்கம்.

காலையில் கில்யா கல்செவியைத் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னாள். "மதியம் கேட்கலாம். முதலில் மேல்படலம். நேற்று இரவுக் காற்று, ஒருவேளை ஒரு பறவை. பிறகு அவள். மொழி எதுவானாலும் உங்கள் மணி மாற்றிச் சொல்லிவிடும்."

சுந்தரவதனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று இல்லை, பறவை இல்லை. நேற்றைய படலத்தில் இருப்பது அவர்தான். அதை இன்று பத்து நாட்டுக்காரர்களும் அவரவர் தாய்மொழியில் கேட்கப் போகிறார்கள். ஒருவருக்கு மட்டும் மொழிபெயர்ப்பே தேவையில்லை. இந்தப் பேச்சு கோவில்பட்டி போய், அங்கிருந்து மதிவதனியின் வீட்டு வாசலில் ஏறும்.

மின்வாரிய மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. கல் ஆறினால்தானே புதுப் படலம் விழும்? வெயில் ஏறி, சுவர் தோசைக்கல்லாகக் காயட்டும். பிறகு சட்டென்று குளிரவைத்து, நேற்றைய பேச்சின் மேல் இன்னொரு பேச்சைப் பூசினால்? சுவர் காயும்வரை காத்திருந்தார். கூட்டம் தேநீருக்குப் போயிருந்த நேரம். கூடார வாசலில் யாரோ வைத்திருந்த ஒரு பெரிய பிளாஸ்க் இருந்தது. மூடி சரியாக மூடாததால் இரவுப் பனியில் தண்ணீர் ஐஸாகச் சில்லிட்டுக் கிடந்தது. அதை அப்படியே சுவரில் கவிழ்த்தார். கல் புஸ்ஸென்று சீறியது. அந்தச் சீறலுக்குள் வாயை வைத்துச் சொல்லத் தொடங்கினார்.

"என் சம்பந்தி பெருமாள்சாமி மாதிரி ஒரு மனுஷர் மூவுலகத்திலும் கிடையாது! தங்கம்! அவர் நடந்தா மலை வழி விடும்! அவர் வீட்ல வாழ எங்க பொண்ணு கொடுத்து வச்சிருக்கணும்!"

பொய்யைச் சத்தமாகச் சொன்னார். ஆழமாகப் பதிய வேண்டுமே.

பதிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பதிந்தது. நிதானமாக ஆறுகிற கல் மேலே ஒரு படலம்தான் போடும். காயவைத்துக் குளிர்நீரில் அடித்தால், முறுக்கிய துணி போல அடிவரைக்கும் சுருங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிழிந்து எறிந்துவிட்டுப் புதியதை நிரப்பிக்கொள்ளும். பொறியாளருக்கு இது தெரியாது.

மதியம் எல்லோரும் சுவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கில்யா கல்செவியை ஒட்டினாள். மேல்படலம் பேசியது. "என் சம்பந்தி பெருமாள்சாமி மாதிரி..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கில்யாவின் முகம் மாறியது. கருவியை அடுத்த ஆழத்துக்குத் திருப்பினாள். "தங்கம்!" இன்னும் ஆழம். "அவர் நடந்தா மலை வழி விடும்!" ஐந்நூறு வருஷத்து ஆழம். அங்கேயும் சுந்தரவதனம்தான், தெளிவாக, கணீரென்று, பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

கில்யா கருவியைக் கீழே வைத்தாள். வெறும் காதைக் கல்லில் ஒட்டி ரொம்ப நேரம் நின்றாள். அவள் உதடு ஏதோ ஒரு சொல்லைச் சொன்னது. கல் திருப்பிச் சொல்லவில்லை.

சுவரின் அடியில் ஈர மண் அவள் விரலில் ஒட்டியது. "யார் தண்ணீர் ஊற்றியது?"

சுந்தரவதனம் தன் பூட்ஸைப் பார்த்தார். பூட்ஸ் கயிற்றில் எத்தனை முடிச்சு இருந்தாலும் அத்தனையையும் பார்த்தார்.

"நாந்தான் தாயி." பெருமாள்சாமி எழுந்து நின்றார். "நாந்தான் ஊத்துனேன். என்னப் பத்தி நாலு நல்ல வார்த்த பேசுங்கன்னு சம்பந்திய நாந்தான் கட்டாயப்படுத்துனேன். கெழட்டு ஆசை. அவரு மேல தப்பில்ல."

கில்யா அவருடைய நுழைவு வில்லையை வாங்கி அதில் ஆயுள் தடையைப் பதித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுந்தரவதனத்துக்குப் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும் என்று அவர் பின்னால் தன்னையே ஏமாற்றிக்கொண்டதுண்டு.

இறங்கும் வழியில், யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு வளைவில் கேட்டார். "ஏன் சம்பந்தி அப்படிச் சொன்னீங்க?"

பெருமாள்சாமி மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தார். "நேத்து உங்களுக்குக் கால் வலின்னு சமையல்காரர்ட்ட வெந்நி வாங்கிட்டு வந்தேன். நீங்க கோமளா மதினிகிட்ட பேசிட்டிருந்தீங்க. நடுவுல வரக் கூடாதுன்னு வாசல்ல வச்சுட்டுப் போயிட்டேன். ஏன், பிளாஸ்க்கப் பாக்கலையா?"

மூன்று வருஷமாகக் கல்லுக்குப் பயந்து, கல் மேடைக்குப் பயந்து, அம்மிக்குப் பயந்து வாழ்ந்த சுந்தரவதனம், மனுஷனுக்கும் காது உண்டு என்பதை மறந்தே போயிருந்தார்.

"பின்ன எதுக்கு என்னைக் காப்பாத்துனீங்க?"

"உங்களையா? நல்லாருக்கே! மதி என்னையும் அப்பான்னுதான் கூப்பிடுது. அதுக்கு ரெண்டு அப்பனும் தலைகுனிஞ்சு நிக்கணுமா? ஒருத்தன் போதும்."

மலையடிவாரத்தில் கில்யா எல்லோருக்கும் கை கொடுத்தாள், பெருமாள்சாமியைத் தவிர. சுந்தரவதனத்தின் கையைக் கொஞ்சம் இரக்கத்தோடு கூடுதலாகவே பிடித்தாள். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, பேரக்குழந்தைக்குக் கோயிலில் பெயர் வைத்தார்கள். எல்லோரும் உள்ளே போனார்கள். பெருமாள்சாமி மட்டும் வாசலில், வாழைப்பழக் கடை நிழலில் நின்று, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எனக்கு உள்ள புழுக்கமா இருக்கும்மா" என்றார் மருமகளிடம். குழந்தையின் பெயரைக் காதில் சொல்ல வேண்டிய தாத்தா அவர். அவருடைய முறையை சுந்தரவதனம் செய்தார். மூன்று தடவை சொல்ல வேண்டிய பெயரில் ஒரு தடவைகூடக் குரல் எழும்பவில்லை.

இதற்குள் வேறொரு கூத்து தொடங்கியிருந்தது. ரிமாக் பிர்க்காவின் அடிப்படலத்தில் தமிழ் பேசுகிறது என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. ஆழமோ ஐந்நூறு வருஷம். கருவி பொய் சொல்லுமா? உலகத் தொல்தமிழ்க் குரல் பேரவை என்று ஓர் அமைப்பு உடனே முளைத்தது. அதன் உறுப்பினர்கள் மலையேறிக் கேட்டு, சுவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்கள். இன்கா மக்களின் பேரரசர் பெருமாள்சாமி என்று நிறுவி நானூறு பக்க ஆய்வு வந்தது. அதை யாரோ ஒரு சுற்றுலாப் பயணி பேசிவிட்டுப் போனதாகக் கிராமத்துச் சபை சொன்னபோது, "மறைக்கப் பார்க்கிறார்கள்!" என்று பேரவை கொதித்தது.

அவர்களுடைய மாநாடு கும்பகோணத்திலேயே, ஒரு பழைய கருங்கல் மண்டபத்தில் நடந்தது. சுந்தரவதனம் போனார். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் தடை தன் பேருக்கு மாறிவிடும், சம்பந்தி கோயிலுக்குள் போகலாம். மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஐயா, அது என் குரல். நான் என் சம்பந்தியக் கேவலமாப் பேசினேன். அதை மறைக்கத் தண்ணி ஊத்தி, பொய்யாப் புகழ்ந்தேன். அந்தப் பொம்பளை சாப்பிடக் கூப்பிட்ட குரலை அழிச்சது நான். பழிய அவர் ஏத்துக்கிட்டார். நான் பேசாம நின்னேன்."

பேரவைத் தலைவர் மெல்ல எழுந்தார். அவர் மலையேறிக் கேட்டவர். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை பேசுங்கய்யா" என்றார்.

"அது என் குரல்..."

"அதே குரல்!" என்று அலறினார் தலைவர். "அந்தக் கணீர்! அந்த இழுப்பு! ஐந்நூறு வருஷமா வம்சத்துல மாறாம வந்திருக்கு! தன்னடக்கத்தால மறுக்கிறார். இன்காவின் வாரிசு நம்ம ஊர்ல இருக்கார்!"

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் கைதட்டலில் கேட்கவில்லை. ஆளுயர ரோஜா மாலை ஒன்று கழுத்தில் விழுந்தது. எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள். எப்படியோ நழுவி, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடிவந்தார்.

மண்டபத்துக்குள் நுழைய அனுமதி இல்லாத பெருமாள்சாமி, தெருவின் எதிர்ப்பக்கம் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சம்பந்தியைக் கண்டதும் குடையை அவர் பக்கம் நீட்டினார்.

"என்ன சம்பந்தி, சொல்லப் போறேன்னு போனீங்களே. சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பெருமாள்சாமி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பெறகு மாலை எதுக்குப் போட்டாங்க?"